புரோக்கர் அறிக்கைகள் ஏன் பெரும்பாலும் 'வாங்கலாம்' என்றே சொல்கின்றன?

தி.நகர், மயிலாப்பூர் பக்கம் ஓய்வுப் பணத்தைப் பங்கில் போடுகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. இந்த அறிக்கைகளை எழுதும் ஆய்வாளரின் புரோக்கர் நிறுவனம், கம்பெனிகளின் புதுப் பங்கு வெளியீடுகளை நடத்திக்கொடுத்தும் சம்பாதிக்கிறது. 'விற்கலாம்' என்று எழுதினால் வாடிக்கையாளரான அந்தக் கம்பெனி முகம் சுளிக்கும். வெளியீட்டை நடத்திய நிறுவனத்தின் பரிந்துரைகள் மற்றவர்களுடையதைவிட மோசமாகப் போனதை, அமெரிக்கத் தரவுகளை வைத்து மிக்கேலி, வோமாக் என்ற நிதியியல் பேராசிரியர்கள் 1999இல் காட்டினார்கள்.

வோமாக்கின் 1996 ஆய்வுதான் எனக்கு இன்னும் முக்கியம். 'வாங்கலாம்' என்றதற்குப் பின் கிடைத்த கூடுதல் லாபம் சராசரியாக 2.4 சதவீதம், அதுவும் சீக்கிரமே நின்றுவிட்டது. 'விற்கலாம்' என்றதற்குப் பின்னான சரிவோ 9.1 சதவீதம், ஆறு மாதம் நீடித்தது. அதனால் அபூர்வமாக வரும் 'விற்கலாம்' என்பதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

அப்புறம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2014 விதிகளின்படி ஆய்வாளரின் சொந்த முதலீடு, நிறுவனத்தின் வருமானத் தொடர்பு எல்லாம் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். அந்தப் பொடி எழுத்தை முதலில் படியுங்கள்.