எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா?

கேள்வி: மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். 1/4ஐ விட 1/8 பெரிது என்கிறான். நாலை விட எட்டு பெரியதாம். அட்டையில் வட்டம் வெட்டிக் காட்டினேன். இப்போது 2/3உம் 3/4உம் சமம் என்கிறான், இரண்டிலும் ஒரு துண்டுதானே குறைகிறது என்று. எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: வட்டத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அதைக் காலாக மடிப்பது சுலபம். மூன்றாகக் கண்ணளவில் வெட்டினால் ஒரு துண்டு பெருத்துவிடும். 2/3க்கும் 3/4க்கும் வித்தியாசமே 1/12தான். வெட்டும் பிழையில் அது மறைந்துபோகும்.

கீலம் வெட்டுங்கள். ஏ4 அளவுத் தடித்த தாள் ஒன்று போதும். நீளத்தில் 24 செ.மீ. வைத்துக்கொண்டு மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். அகலம் 21 செ.மீ.; 3 செ.மீ. வீதம் ஏழு கீலம் வரும். ஒன்று முழுதாக இருக்கட்டும். மற்ற ஆறையும் முறையே 12, 8, 6, 4, 3, 2 செ.மீ. துண்டுகளாக்கினால் அரை, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று கிடைக்கும். ஐந்தில் ஒன்று 4.8 செ.மீ. ஆகும், அது பிறகு. துண்டில் எண் எழுதவே வேண்டாம். எழுதினால் பிள்ளை எண்ணைத்தான் பார்ப்பான், நீளத்தைப் பார்க்கமாட்டான்.

1/8ஐ ‘ஒன்றின் கீழ் எட்டு’ என்று வாசிக்க விடாதீர்கள். ‘எட்டில் ஒன்று’ என வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரே ரொட்டியை எட்டுப் பேருக்குப் பிய்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இதற்கு நம் பழைய பெயர் அரைக்கால். காலில் பாதி என்பது பெயரிலேயே இருக்கிறது. கால் துண்டின் மேல் எட்டில் ஒன்று இரண்டை அவனே வைத்துப் பார்க்கட்டும்.

அடுத்து 2/3, 3/4. இடது முனைகள் ஒரே கோட்டில் நிற்க, இடைவெளி விடாமல் அடுக்கவேண்டும். அடுக்குமுன் எது நீளம் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஒன்று 16 செ.மீ., மற்றது 18. மகன் சொன்னதில் பாதி சரி, ஒரு துண்டுதான் குறைகிறது. எவ்வளவு பெரிய துண்டு? அங்கே 8 செ.மீ., இங்கே 6. குறைவது சிறிதானால் மிஞ்சுவது பெரிது. இதைப் பிடித்துக்கொண்டால் 5/6, 7/8 இரண்டையும் துண்டில்லாமலே ஒப்பிடுவான்.

கேள்வி: வட்டத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்க எளிய வழி உண்டா?
– ஆசிரியர், பதுளை

பதில்: வட்டம் வரைந்த கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் விளிம்பில் சுற்றிக் குறியுங்கள், ஆறு புள்ளி வரும். ஒன்றுவிட்டொன்றை மையத்தோடு சேர்த்தால் மூன்று சம துண்டுகள். ஒப்பிடும் வட்டங்கள் ஒரே அளவாக இருக்கவேண்டும். சின்ன வட்டத்தின் அரையை விடப் பெரிய வட்டத்தின் கால் பெரிதாகத் தெரிந்தால் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது.