பெரியப்பா சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸும் மகள் சுற்றும் காயிலும்

திருச்செங்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளின் கட்ஆஃப் 164. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க ஆண்டுக்கு இரண்டரை லட்சம். பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார். தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். நான்கு ஆண்டில் பத்து லட்சம், வட்டி தனி. அந்தக் கடனைப் பெரியப்பா கட்டப் போவதில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: லீவு நாளில் மாமா பட்டறையில் சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறாள். பேச வேண்டியதே அதைப் பற்றித்தான்.

மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. மெட்டலர்ஜியை, அதாவது உலோகப் பொறியியலை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. இரும்பு உருக்குகிற வேலை என்று உறவினர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காயில் சுற்றுகிறவளுக்கு மெட்டலர்ஜி ஏன் என்று சொல்கிறேன். சோலார் மின்சாரத்தைப் பகலில் பேட்டரியில் சேர்த்து மாலையில் கிரிடுக்குத் தருகிறார்கள். நடுவில் டிசியை ஏசியாக மாற்றும் கன்வெர்ட்டருக்குள் இண்டக்டர் என்ற காயிலும், பல வடிவமைப்புகளில் டிரான்ஸ்பார்மரும் உண்டு. எடையிலும் சூட்டிலும் இவற்றுக்கு நல்ல பங்கு உண்டு. மாமா பட்டறை 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. இங்கே ஆயிரக்கணக்கான, பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ். 100 கிலோஹெர்ட்ஸில் செம்புக் கம்பியின் மேல்தோல் 0.2 மில்லிமீட்டரில்தான் பெரும்பாலான கரண்ட் ஓடும். அவள் சுற்றும் ஒரு மில்லிமீட்டர் கம்பியின் நடுச்செம்பு சும்மா கிடக்கும். அதனால்தான் முடி போன்ற இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி.

கம்பி சுற்றப்படும் நடுக்கட்டையான கோரில் சிக்கல் இன்னும் பெரிது. 6.5 சதவீதம் சிலிக்கான் கலந்த இரும்பு காந்தத்துக்கு அருமையானது, இரைச்சலும் குறைவு. ஆனால் தகடாக உருட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பொடியாக்கி, லேசரால் அடுக்கடுக்காக உருக்கி 3டி பிரிண்டிங் முறையில் அச்சிட்டால் உருட்டவே வேண்டாம். ஆனால் அச்சிட்டது ஒரே கட்டி இரும்பு. தகடுகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் இதில் கிடையாது. எடி கரண்ட் என்ற வேண்டாத மின்னோட்டம் இரும்புக்குள்ளேயே சுழன்று கோர் கொதிக்கும். உள்ளே மெல்லிய பிளவுகள் விட்டுத்தான் வடிவமைக்க வேண்டும். அந்தப் பிளவில் உருகாத பொடி சிக்கிக்கொண்டால் உழைப்பு வீண். ஆறும்போது விரிசல் விடும். உள் இறுக்கத்தைப் போக்க, காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆற்ற வேண்டும்.

ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் வேறு கதை. பசையாகப் பிழிந்து உருவாக்கிச் சுட்டால் ஒவ்வொரு பக்கமும் 20 சதவீதம் வரை சுருங்கும். 40 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 50 அச்சிட வேண்டும். அவசரமாக உலர்த்தினால் பிளக்கும். மாங்கனீஸ்-ஜிங்க் வகையை ஆற்றும்போது ஆக்சிஜன் அளவு தப்பினால் காந்தத் தன்மையே கெடும். இதெல்லாம் உலோகமும் பீங்கானும் தெரிந்தவர் வேலை. காயிலும் தெரிந்த மெட்டலர்ஜிக்காரர் அரிது.

ஒன்றை மறைக்க மாட்டேன். அச்சிட்ட காந்தக் கோர் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான். அந்தப் பெயரில் வேலை தேடினால் ஏமாறுவாள். பொடி உலோகத் தொழிற்சாலை, டிரான்ஸ்பார்மர், கன்வெர்ட்டர் நிறுவனங்களின் மேக்னடிக்ஸ் (கோர், காயில் வடிவமைக்கும்) பிரிவு, கேட் நுழைவுத் தேர்வு எழுதி உதவித்தொகையோடு எம்.டெக்: சோறு போடுவது இவை. பிளாஸ்டிக் பொம்மை அச்சிடச் சொல்லித்தரும் மூன்று மாத 3டி பிரிண்டிங் கோர்ஸுக்கு ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். எஃப்இஎம்எம் என்ற காந்தப்புல மென்பொருள் இலவசம். இரண்டாம் ஆண்டிலேயே பழகலாம்.

அவளுக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு சோதனை. பழைய ஸ்டெபிலைசர் டிரான்ஸ்பார்மரையும், கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றையும் மாமா மேற்பார்வையில் பிரிக்கட்டும். கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும், முதலில் அதை இறக்க வேண்டும். ஒன்றில் தகடு அடுக்கு, மற்றதில் கறுப்பு ஃபெரைட். ஏன் இந்த வித்தியாசம் என்று அவளாகக் குடைந்தால் மெட்டலர்ஜியை முதலில் போடுங்கள். கம்பி சுற்றுவது மட்டும்தான் பிடிக்கிறது என்றால் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் இ.இ.இ. இரண்டுமே வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பிடிவாதம் வேண்டாம் என்பது பெரியப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதற்கான சான்றிதழைப் பள்ளியில் இந்த வாரமே வாங்குங்கள். கவுன்சலிங்கில் விருப்ப வரிசையை அவளே பதியட்டும். ஓடிபி வரும் நம்பர் உங்களுடையதா, பெரியப்பாவுடையதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.