மூன்று மாதத்தில் 25 கிலோ: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 23. உயரம் 172 செ.மீ., எடை 96 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. பள்ளி நாள்களிலிருந்தே பருமன்தான் என்றாலும் எடை குறைக்க உருப்படியாக எதுவும் முயன்றதில்லை. இப்போது தீவிரமாக இறங்கலாம் என்றிருக்கிறேன். மூன்று மாதத்தில் 25 கிலோ குறைப்பது இலக்கு. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் ஜிம்முக்குப் போகலாமா? தொப்பைக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா? வீட்டில் சொல்லிவிட்டுச் செய்வதா, சத்தமில்லாமல் செய்வதா?

பதில்: முதலில் அந்த மூன்று மாத இலக்கைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 25 கிலோவுக்கு 1,92,500. அதை 90 நாளுக்குப் பிரித்தால் தினமும் 2,100 கலோரிக்கு மேல் பற்றாக்குறை விழ வேண்டும். மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, உங்கள் உயரமும் எடையும் வயதும் உள்ள ஓர் ஆண் நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலே உடம்பு சுமார் 1,900 கலோரி செலவழிக்கும். உட்கார்ந்த வேலையையும் சேர்த்தால் 2,500 பக்கம் வரும். அதில் 2,100 போனால் மிச்சம் 400. ஒரு நாள் முழுவதுக்கும் அவ்வளவுதான். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே காணாது.

ஜிம்மில் அதை ஈடுகட்டலாமே என்று தோன்றும். பழக்கமில்லாத உடம்பு இரண்டு மணி நேரப் பயிற்சியை ஒரு வாரம் தாங்கும், இரண்டாவது வாரம் முழங்கால் பேசத் தொடங்கும். பசியும் சேர்ந்து ஏறும். அகலக்கால் வைத்துத் தொடங்குகிறவர்கள் பலர் சில வாரங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. போட்ட திட்டமே நிறைவேறக்கூடியதாக இல்லை.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். எடை குறைந்தது உண்மை. கூடவே எரிச்சல், சோர்வு, மனச்சோர்வு எல்லாம் வந்தன. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய நினைப்புதான், சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கவே தொடங்கிவிட்டார்கள். ஆய்வு முடிந்ததும் எவ்வளவு சாப்பிட்டும் போதவில்லை என்றார்கள். அவர்கள் ஒல்லியானவர்கள், உங்கள் உடம்பில் சேமிப்பு அதிகம், அதனால் நிலைமை அப்படியே பொருந்தாது. ஆனாலும் 400 கலோரி திட்டம் உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று ஊகிக்கலாம். மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. கொழுப்போடு தசையும் கரையும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரவும் செய்யலாம்.

ஆகவே இலக்கை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் 5 கிலோ. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) எல்லாவற்றிலும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ நல்ல வேகம். அந்தக் கணக்கில் 25 கிலோவுக்கு ஒரு வருடம் வரை ஆகும், நடுவில் எடை நின்றுபோகும் நாள்களையும் சேர்த்தால் ஒன்றரை வருடம்கூட ஆகலாம். 23 வயதில் அது பெரிய காலமே இல்லை.

தொடங்குமுன் ஒரு தடவை மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரல், தைராய்டு, இவ்வளவு போதும். கழுத்தின் பின்பக்கத்திலோ அக்குளிலோ தோல் கருத்து வெல்வெட் மாதிரித் தடித்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம், பலர் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

சரி, முதல் இரண்டு வாரம் என்ன செய்வது? எதையும் மாற்ற வேண்டாம். வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்களோ அதையே சாப்பிட்டு, ஒன்று விடாமல் எழுதுங்கள். உற்சாகமாக வந்தவரிடம் 'சும்மா எழுது' என்றால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் முதல் மாதத்தில் நீங்கள் இழக்கப்போகும் எடையைவிட, நீங்கள் தெரிந்துகொள்ளப்போகும் கணக்குதான் பின்னால் உதவும். 1992-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 'குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை' என்று சொன்னவர்களின் உண்மையான உணவளவை அளந்தார்கள். சொன்னதற்கும் சாப்பிட்டதற்கும் சராசரியாக 47 சதவீத வித்தியாசம் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தது, வாணலியில் ஊற்றிய எண்ணெய் இதெல்லாம் நினைவில் நிற்பதே இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கையில் வந்த வாகில் ஊற்றினால் அது எளிதாக மூன்று கரண்டி ஆகிவிடும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி இரண்டு வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள், கண் பழகிவிடும். வாழ்நாள் முழுக்க நிறுத்துச் சாப்பிடச் சொல்லவில்லை.

எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தினம் 500 கலோரி அளவுக்கு வலிக்காமல் எங்கே வெட்டலாம் என்று பாருங்கள். முதலில் குடிப்பவற்றைப் பாருங்கள். அரை லிட்டர் சர்க்கரைக் குளிர்பானத்தில் 210 கலோரி இருக்கிறது, ஆனால் அது வயிற்றை நிரப்புவதில்லை. அடுத்தது பாக்கெட்டில் வரும் நொறுக்குத்தீனி. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவிலும் இரண்டு வாரம் சாதாரண உணவிலும் வைத்தார்கள். பரிமாறியதில் கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். அதாவது நீங்கள் தேடும் அந்த 500 பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள். கடிகாரத்துக்கு எந்த மந்திர சக்தியும் கிடையாது, நாள் மொத்தம்தான் கணக்கு. இரவு சாப்பிடாமல் உங்களால் நிம்மதியாகத் தூங்க முடிந்தால் செய்யுங்கள். பதினொரு மணிக்குச் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்க்கிற ஆளாக இருந்தால் வேண்டாம், எட்டு மணிக்கே ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுங்கள்.

எதைக் குறைத்தாலும் புரதத்தைக் குறைக்காதீர்கள். உங்களுக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த எண் மாறும்). ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை வேகவைத்த பருப்பில் சுமார் 18, வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. எழுதிப் பார்த்தால் பலருக்கு இந்த அளவு தேறுவதில்லை. புரதம் பசியை அடக்கும், எடை இறங்கும்போது தசையைக் காக்கும். தட்டில் பாதி காய்கறி, ஒவ்வொரு வேளையும் ஒரு புரதம் என்று வைத்துக்கொண்டால் கலோரி எண்ணுவதை விட்ட பிறகும் தாக்குப்பிடிக்கலாம்.

எடை பார்ப்பதில்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் துள்ளிக் குதிப்பார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. அப்புறம் ஒரு நாள் உப்பு கூடினால் மறுநாள் ஒரு கிலோ ஏறியிருக்கும், உடனே மனம் உடைந்துபோகும். காலையில் கழிவறை போய் வந்ததும், சாப்பிடுமுன், தினமும் நிறுத்து எழுதுங்கள். ஒருவருடைய இரண்டு வாரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் திங்களிலிருந்து: 95.4, 96.1, 95.0, 95.8, 95.3, 94.9, 95.6. இரண்டாம் வாரம்: 95.1, 94.7, 95.6, 95.0, 94.5, 94.9, 95.2. புதன்கிழமை மட்டும் எடை பார்க்கிறவருக்கு 95.0 என்பது 95.6 ஆகியிருக்கும், 600 கிராம் ஏறிவிட்டது என்று புலம்புவார். சராசரி எடுத்தால் 95.4-இலிருந்து 95.0-க்கு இறங்கியிருக்கிறது. அவர் சரியான பாதையில்தான் போகிறார். மாதவிடாய் வரும் பெண்கள் வாரத்தோடு வாரத்தை ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

தினமும் எடை பார்ப்பது மனதைக் குதறுகிறது என்றால் தராசை எடுத்து வைத்துவிட்டு இடுப்பை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே, அதாவது உங்களுக்கு 86 செ.மீ.க்குள் வருவது நல்லது. தொப்பைக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. எங்கிருந்து முதலில் கொழுப்பு எடுப்பது என்பதை உடம்பே முடிவு செய்துகொள்ளும், வயிற்றுப் பயிற்சி தசையை மட்டும் வலுவாக்கும்.

ஜிம்முக்கு வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும். எடை தூக்கும் பயிற்சிக்கு முதலிடம் கொடுங்கள்: ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), இழுப்பது, தள்ளுவது, குனிந்து தூக்குவது. பயிற்சியாளரிடம் முதலில் சரியான நிலையைக் கற்றுக்கொள்ளுங்கள், பாரத்தை மெல்லக் கூட்டலாம். மற்ற நாள்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை ஓரிரு மாதத்தில் எட்டினால் போதும். நடந்த கணக்குக்குச் சாப்பிட மட்டும் கூடாது. உங்கள் எடையில் ஒரு மணி நேர வேக நடைக்குச் சுமார் 300 கலோரி போகும், ஒரு பாக்கெட் பிஸ்கெட் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

தூக்கத்தையும் பாருங்கள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய அதிக எடையுள்ள இளவயதினரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். வேறெதையும் மாற்றாமலே தினம் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

சில மாதம் கழித்து எடை ஓரிடத்தில் நின்றுவிடும். 10 கிலோ குறைந்த உடம்பு ஓய்விலேயே தினம் 100 கலோரி குறைவாகச் செலவழிக்கும், நடக்கும்போதும் அப்படியே. பழைய அளவே சாப்பிட்டால் பற்றாக்குறை தேய்ந்துவிடும். அப்போது மறுபடி இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். 'ஃபேட் பர்னர்' பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். செமாக்ளூடைட் போன்ற, பசியைக் குறைக்கும் ஊசிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன, ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்புகிறது. மருத்துவர் எடைபோட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஒளிந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, மறுநாள் முழுப் பட்டினி கிடப்பது, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவது என்று ஏதாவது தொடங்கினால் கணக்கெழுதுவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக வீட்டு விஷயம். சமைப்பவர் யாரோ அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், 25 கிலோ இலக்கை மட்டும் ஊரெல்லாம் அறிவிக்க வேண்டாம். 'நான் டயட்டில் இருக்கிறேன்' என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது, 'இதெல்லாம் நாலு நாளைக்குத்தான்' என்று மறுபடி பரிமாறிவிடுவார். 'எனக்குக் காய் இரண்டு பங்கு, எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றலாமா, இரண்டாவது தடவை வேண்டுமென்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் சமையலை நீங்களே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது, எண்ணெய்க் கரண்டி உங்கள் கையில் இருக்கும்.