கால்சியம் 520: இறக்குவது எப்படி?

கேள்வி: 200 லிட்டர் பவளத் தொட்டி. ஜோவாந்திட், லெதர் கோரல் (இரண்டும் மென்மையான வகை), ஒரே ஒரு ஹாமர் (கல்லெலும்பு கட்டும் பவளம்). கால்சியம் 520 பிபிஎம் (ஏறத்தாழ லிட்டருக்கு மி.கி.), கேஎச் (நீரின் கார்பனேட் காரத்தன்மை) 6.5, மெக்னீசியம் 1300. தினமும் கால்சியம் திரவம் விடுகிறேன். ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது. கால்சியத்தை உடனே இறக்க மருந்து உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: மருந்து கிடையாது, தேவையும் இல்லை. கடல்நீரிலேயே கால்சியம் 410, 420 இருக்கும். 500-ஐத் தாண்டியதாலேயே பவளம் செத்துவிடாது. கவலைப்பட வேண்டியது அந்த 6.5 கேஎச்சுக்குத்தான். ஹீட்டரில் படிவது கால்சியம் கார்பனேட். சூடான இடத்தில் முதலில் படியும். படியும்போது கேஎச்சையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒரு கேஎச் குறைந்தால் கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம்தான் குறையும். அதனால் கேஎச் வேகமாகச் சரியும், கால்சியம் அசையாது.

திரவத்தை இன்றே நிறுத்துங்கள். ஜோவாந்திட்டும் லெதரும் கால்சியத்தால் கல்லெலும்பு கட்டுவதில்லை. ஒரு ஹாமருக்காகத் தினமும் பாட்டிலைச் சாய்ப்பது வீண் செலவு. உப்பு அளவு கூடினாலும் கால்சியம் கூடும். ஆனால் உப்பு 35 பிபிடிக்குப் (லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்) பதில் 40 இருந்தால் மெக்னீசியமும் 1450-ஐத் தாண்டியிருக்கும். உங்களுக்கு 1300 என்பதால் அங்கே பெரிய தவறு இருக்காது. இருந்தாலும் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கரைசலில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஆவியாகும் நீருக்கு ஈடாக எதை ஊற்றுகிறீர்கள்? நம் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜும் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) திருகும் உண்டு, அவை கால்சியத்தைத் திரும்பச் சேர்த்துவிடும். போர் தண்ணீரென்றால் கேட்கவே வேண்டாம். லிட்டருக்கு 80 மி.கி. கால்சியம் உள்ள நீரைத் தினம் 3 லிட்டர் ஊற்றினால் உங்கள் தொட்டியில் மாதம் 36 பிபிஎம் ஏறும். டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.-டி.ஐ. (ஆர்.ஓ.வுக்குப் பிறகு அயனி நீக்கும் ரெசினிலும் வடித்த) நீர்தான் சரி.

பிறகு வாரம் 40 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். புது உப்புக் கரைசலையும் சோதியுங்கள். பவளத் தொட்டிக்கான சில ரீஃப் உப்புகள் கரைத்தவுடனேயே 450-க்கு மேல் காட்டும். புது நீர் 420 என்றால் முதல் வாரம் 500, அடுத்து 484, நான்காவது வாரம் 461 ஆகும். அது போதும்.

கேள்வி: கேஎச்சை ஆப்பசோடாவால் ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், பேக்கிங் பவுடர் மட்டும் கூடாது, அதில் அமிலம் கலந்திருக்கும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 கேஎச் ஏறும். 6.5-இலிருந்து 8-க்கு உங்கள் தொட்டிக்கு 9 கிராம். அதை இரண்டு நாளாகப் பிரித்து, அரை லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். கால்சியம் 500 இருக்கும்போது 11, 12 என்று ஏற்றினால் தண்ணீர் பால்போல் வெளுக்கும், மணல் கட்டியாகும்.

கேள்வி: தண்ணீர் மென்மையாக்கும் ரெசின் கால்சியத்தை எடுக்குமா?

பதில்: எடுக்காது. அந்த ரெசின் சோடியத்தைக் கொடுத்துக் கால்சியத்தை வாங்கும். கடல்நீரில் சோடியம் மிக அதிகம் என்பதால் அங்கே வேலை நடக்காது.

கேள்வி: பம்பிலும் ஹீட்டரிலும் படிந்ததை எப்படி நீக்குவது?

பதில்: வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த வாளியில் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இம்பெல்லரை (சுழலும் விசிறி) கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஹீட்டரைப் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்ட பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி விரிசல் விடும்.