முதல் முறை குரூஸ் கப்பலில் போகிறேன், டிக்கெட்டுக்கு மேல் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?

கேட்டவருக்கு 23 வயது, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நண்பர்களோடு நான்கு பேராகச் சிங்கப்பூரிலிருந்து 3 இரவு கப்பல் பயணம். "சாப்பாடு, தங்கல் எல்லாம் டிக்கெட்டிலேயே வந்துவிடுகிறதாம், அப்புறம் கையில் எவ்வளவு வேண்டும்? டிப்ஸ் என்று தனியாகப் போடுவார்களாமே, அதை எடுக்கச் சொல்லிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரி இல்லையென்றால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

நான் அந்த மாதிரிக் கப்பலில் பார் வெயிட்டராக இருந்தவன். ஊரில் "கப்பல்ல வேலை" என்றால் முதலில் கேப்டன் ரேஞ்சுக்கு மரியாதை கொடுப்பார்கள், விவரம் தெரிந்ததும் "ஓ, அங்க தட்டு கழுவுறியா" என்று குரல் இறங்கிவிடும். அதை விடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் மெரினா பேயிலிருந்து கிளம்பி மலேசியாவில் பினாங்கு, போர்ட் கிள்ளான், தாய்லாந்தில் புக்கெட் என்று சுற்றும் கப்பலில் வேலை பார்த்திருக்கிறேன், நம்மூர்ப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வருவதைப் பார்த்திருக்கிறேன், கடைசி ராத்திரி ரிசப்ஷன் வரிசையில் பில்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் டிக்கெட். விளம்பரத்தில் போடுகிற விலை இரண்டு பேர் ஒரு கேபினில் தங்கினால் ஒரு ஆளுக்கு ஆகிற விலை. தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு ஆள் காசையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். நீங்கள் நான்கு பேர் என்பதால் ஒரே கேபினில் அடைந்துகொண்டால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும் (மேலே கூரையிலிருந்து இறங்குகிற படுக்கை, ஒரே ஒரு பாத்ரூம், காலையில் அடிதடிதான்). ஆனால் துறைமுக வரியும் டிப்ஸும் நான்கு பேருக்கும் முழுசாகப் போடுவார்கள், அதில் சலுகை கிடையாது. விளம்பர விலையை வைத்து மொத்தச் செலவைக் கணக்குப் போடுவது, மண்டப வாடகையை மட்டும் விசாரித்துவிட்டுக் கல்யாணச் செலவே இவ்வளவுதான் என்று நினைக்கிற மாதிரி. புக் பண்ணும் பக்கத்தில் கடைசித் திரை வரை போங்கள், வரி எல்லாம் சேர்ந்த தொகை அங்கேதான் வரும்.

இந்தியாவிலிருந்து ஏஜெண்ட் மூலமாக வாங்கினால் டிசிஎஸ் என்று, முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரியாக ஒரு தொகையும் பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். நிறையப் பேர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

சாப்பாடு உண்மையிலேயே இலவசம்தான். பெரிய டைனிங் ஹால், பஃபே, டீ, சாதா காபி, தண்ணீர், நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியச் சாப்பாடும் சைவமும் தாராளமாகக் கிடைக்கும், ஊறுகாய் பாட்டில் கட்டிக்கொண்டு போக வேண்டாம். காசு பிடுங்குவது மற்றவை: மது, கேன் குளிர்பானம், இயந்திரத்தில் போட்டுத் தரும் நல்ல காபி, தனிக் கட்டண உணவகங்கள், வைஃபை, மசாஜ், போட்டோ, சலவை. கப்பலில் எதை வாங்கினாலும் நேரடியாக ரொக்கம் செல்லாது. ஏறும்போதே உங்கள் கார்டை வாங்கிப் பதிவு செய்துகொண்டு, கேபின் சாவியாகவும் இருக்கிற ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதை நீட்டினால் போதும், எதுவும் கிடைக்கும். கையிலிருந்து நோட்டு போகாததால் செலவு பண்ணுகிற உணர்வே வராது. அதற்காகத்தானே அப்படி வைத்திருக்கிறார்கள்.

என் துறை பார் என்பதால் அந்தச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு கோக் கேன் 3, 4 அமெரிக்க டாலர், பீர் 8, 9 டாலர், காக்டெயில் 13, 14 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறும். எங்கள் கப்பலில் ஆர்டர் கொடுத்ததும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வரும். பானத்தின் விலை, அதன் கீழே 18 சதவீதம், அதன் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு காலிக் கோடு, அப்புறம் மொத்தம் என்று இன்னொரு காலிக் கோடு, கடைசியில் கையெழுத்து. புதிதாக வருகிற பையன்கள் காலிக் கோட்டைப் பார்த்ததும் எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று பதறுவார்கள். ஒரு தம்பி, பேச்சில் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்தது, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மேசை வெள்ளைக்காரர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்து, அதே மாதிரி 5 என்று போட்டுவிட்டார். நான் தமிழில் "தம்பி, மேலேயே போட்டாச்சு, அதை அடிச்சுடுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அண்ணா, நீங்க தமிழா?" என்றார். அதற்கப்புறம் அவர்கள் கூட்டம் முழுக்க என் மேசைக்குத்தான் வந்தது. அந்தக் கோட்டில் சைபர் போட்டுக் கையெழுத்துப் போடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இதை ஒரு பார் வெயிட்டரே சொல்கிறேன்.

குடிப்பவர்களுக்கு "நாள் முழுக்க அளவில்லாமல்" என்று ஒரு பேக்கேஜ் விற்பார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 60 டாலருக்கு மேல். அதற்கும் 18 சதவீதம் உண்டு. நிறையக் கப்பல்களில் ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கிற மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு பீர் குடித்தால்தான் போட்ட காசு வரும், அதுவும் கரையில் இறங்குகிற நாளில் பாதி நேரம் நீங்கள் கப்பலிலேயே இருக்க மாட்டீர்கள். 3 இரவுக்கு வேண்டாம். காசினோவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கேபின் கணக்கில் பற்று வைத்து ஆடினால் பல கப்பலில் அதற்கே தனிக் கமிஷன் உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது போன். கப்பல் கரையை விட்டதும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலுக்குள் சிக்னல் காட்டும், அது சாட்டிலைட் வழியாக வருகிற கடல் ரோமிங். நீங்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போட்ட ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. பில் ஊருக்கு வந்தபிறகு வரும். கப்பல் வைஃபை ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் சுற்றுவட்டத்தில். நான்கு பேரில் ஒருவர் மட்டும் வாங்கி, ஒரு போனை வெளியேற்றிவிட்டு இன்னொன்றில் நுழைந்து மாற்றி மாற்றிப் பார்ப்பதைப் பல கப்பலில் அனுமதிக்கிறார்கள். க்ரூ, அதாவது கப்பல் ஊழியர்கள், நாங்களே அப்படித்தான்.

கார்டு விஷயம். டெபிட் கார்டைப் பதிவு செய்யாதீர்கள். அன்றன்றைக்குச் செலவாகும் என்று அவர்களே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், இறங்கிய பின்னும் சில நாள் அது திரும்பாது, உங்கள் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாது. கிரெடிட் கார்டு என்றால் நம்மூர்க் கார்டுகளில் பெரும்பாலும் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. அந்தக் கட்டணம் இல்லாத கார்டும் கிடைக்கிறது, போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். "ரூபாயில் போடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம், கப்பல் எந்த நாணயத்தில் கணக்கு வைக்கிறதோ, அமெரிக்க டாலரோ சிங்கப்பூர் வெள்ளியோ, அதிலேயே போடச் சொல்லுங்கள். இன்னொன்று, ரிசப்ஷனில் ரொக்கமாக முன்பணம் கட்டவும் பல கப்பலில் வழி உண்டு. கையைக் கட்டிப்போட நினைப்பவர்களுக்கு அதுவே நல்லது.

கரையில் இறங்கும்போது கப்பல்காரர்களின் டூரை எல்லா ஊரிலும் வாங்க வேண்டியதில்லை. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், கடைக்குக் கடை தமிழ்ப் பலகை, நாசி கண்டார் என்கிற சோறு, குழம்புச் சாப்பாடு. இதற்கு 70, 80 டாலர் கொடுத்துப் பேருந்தில் ஏறினால் உங்கள் இஷ்டம். போர்ட் கிள்ளான் வேறு கதை. கோலாலம்பூர் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அங்கிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசலில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். கப்பல் டூரில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். சொந்தமாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் வர வேண்டும். இரட்டைக் கோபுரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அங்கே மட்டும் டூர் வாங்குங்கள், இல்லையென்றால் கிள்ளான் டவுனில் இருக்கிற லிட்டில் இந்தியாவோடு திரும்பிவிடுங்கள்.

இனி டிப்ஸ். பானத்தின் மேல் ஏறுகிற 18 சதவீதம் வேறு, இது ஆள் கணக்கில் தனியாகப் போடுவது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர். 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேருக்கு 3 இரவுக்கு 216 டாலர், அதாவது 18,000 ரூபாய்க்கு மேல். சில கப்பலில் இது கட்டாயம், சிலவற்றில் புக் பண்ணும்போதே வாங்கிவிடுவார்கள், சிலவற்றில் ரிசப்ஷனில் போய்க் கேட்டால் குறைப்பார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். ஆக, எடுக்க முடியுமா என்றால் பல இடங்களில் முடியும். எடுக்கலாமா என்பதற்குத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னோடு ஒரே கேபினில் இருந்தவர் ஒரு இந்தோனேசிய ரூம் பாய். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத, இரண்டு அடுக்குப் படுக்கை கொண்ட அறை அது. காலையும் மாலையும் விருந்தினர் கேபின்களைச் சுத்தம் செய்துவிட்டு, துண்டை மடித்து யானை, குரங்கு என்று பொம்மை செய்து படுக்கையில் வைப்பார். ஒருமுறை நம்மூர்க் குடும்பம் ஒன்று. குழந்தை யானை வேண்டும் என்று அழுததால் தன் ஓய்வு நேரத்தில் இன்னொன்று செய்துகொண்டு போய்க் கொடுத்தார். கடைசி ராத்திரி அதே குடும்பத்தின் அப்பா ரிசப்ஷனில் நின்று "எல்லாருக்கும் டிப்ஸ் எடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். மறுநாள் காலை கைகுலுக்கி "யூ ஆர் வெரி குட்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். எங்கள் கம்பெனியில் அடிப்படைச் சம்பளம் குறைவு, மீதி அந்த டிப்ஸ் தொகையிலிருந்துதான் வரும். அந்த அப்பா டிப்ஸை எடுக்கச் சொன்னதை நான் ரூம் பாயிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தெரிந்துவிடும்.

"சம்பளம் கொடுப்பது முதலாளி வேலை, பயணி எதற்குக் கொடுக்க வேண்டும்" என்று கமெண்டில் வருவீர்கள். நியாயமான கேள்விதான், நானே க்ரூ மெஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கேட்டவன்தான். கம்பெனிக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு பைசா வருவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கம்பெனியிடம் கேளுங்கள், டிக்கெட் வாங்குவதற்கு முன் கேளுங்கள், பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள். சேவை மோசம் என்றால் முதல் நாளே புகார் சொல்லுங்கள், சரி செய்வார்கள். எல்லாம் அனுபவித்துவிட்டுக் கடைசி ராத்திரி எடுக்கச் சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. என் முதல் காண்டிராக்டில் வந்த டிப்ஸில் பாதிக்கு மேல், வேலை வாங்கித் தந்த ஏஜெண்டுக்குக் கொடுக்க அப்பா வாங்கிய வட்டிக் கடனுக்கே போனது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006இல் ஒன்று போட்டிருக்கிறார்கள், இந்தியாவும் 2015இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை தேடித் தருவதற்குக் கடலோடியிடம் காசு வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம் இவற்றின் செலவுதான் நம்முடையது, விசாச் செலவுகூடக் கம்பெனியுடையது. இது எனக்குக் கப்பலில் ஏறிய பிறகு ஒரு பிலிப்பினோ சொல்லித்தான் தெரியும். கப்பல் வேலைக்கு என்று யாராவது லட்சத்தில் கேட்டால், அவர்களிடம் கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் பாருங்கள் தம்பிகளே. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருக்கட்டும்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைகிற மாதிரி இருக்க வேண்டும், கப்பலில் வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறீர்கள். சிங்கப்பூர், மலேசியா வருகை அட்டைகள் இரண்டும் அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கிற தளம் போலி. முந்தின நாளே போய்ச் சேருங்கள், விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, அந்த ஒரு ராத்திரி விடுதிச் செலவையும் கணக்கில் சேருங்கள். பயணக் காப்பீடு கண்டிப்பாக எடுங்கள், கப்பல் டாக்டரிடம் போனால் அதுவும் டாலரில் கேபின் கணக்கில்தான் ஏறும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும், இருந்தாலும் டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரை ஒரு அட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பில்லைத் தினமும் ஆப்பிலோ கேபின் டிவியிலோ பாருங்கள், தப்பாக ஏறியிருந்தால் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இறங்கின பின் மெயில் போட்டு அலைவது பெரும்பாடு.

ஆக, டிப்ஸ், ஒரு வைஃபை, ஆளுக்கு ஒன்றிரண்டு பானம், பினாங்கில் சாப்பாடு, இவ்வளவுதான் என்றால் ஆளுக்கு 120 டாலர் போதும். கிள்ளானில் டூர் வாங்கினால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானமும் விசாவும் இதில் சேராது. எந்தக் கப்பல், எந்த மாதம் என்று கமெண்டில் போட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய ஸ்டாஃப் தள்ளுபடியில் டிக்கெட் கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள், என் தங்கச்சிக்கே வாங்கித் தர முடியவில்லை.