அன்று நான் ஏன் கத்தவில்லை?

கேள்வி: எனக்கு 36 வயது. 11 வயதில் நெருங்கிய உறவினர் ஒருவர் என்னிடம் பாலியல்ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார். ஒரு வருடத்துக்கும் மேல் அது தொடர்ந்தது. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது என் மகளுக்கு அதே வயது. எல்லாம் திரும்ப வருகிறது. தூக்கம் போய்விட்டது; கணவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டால்கூட உதறிவிடுகிறேன். அன்று ஒரு தடவைகூட நான் கத்தவில்லையே, அப்படியென்றால் என் மேலும் தப்பு இருக்கிறதா? கணவரிடம் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மேல் துளி தப்பும் கிடையாது.

பெரும் பயம் வரும்போது உடம்பு ஓடலாம், எதிர்க்கலாம், அப்படியே உறைந்தும் போகலாம். இதில் எது என்று யோசித்து முடிவெடுக்க யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. கை கால் அசையாது, தொண்டையைவிட்டுச் சத்தம் வராது. பெரியவர்களுக்கே இப்படி ஆகிறது. உங்கள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். நீங்களும் அவ்வளவுதான் இருந்தீர்கள். எதிரே நின்றவரோ நீங்கள் நம்பிய பெரிய மனிதர்.

ஒன்றை இன்றைக்கே கவனியுங்கள். அந்த நபர் இன்னும் குடும்பத்தில் நடமாடுகிறாரா? அப்படியானால் உங்கள் மகளோ வேறு எந்தக் குழந்தையோ அவரோடு தனியாக இருக்கவே கூடாது. காரணம் கேட்பவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை அதே வயதை எட்டும்போது பழைய நினைவுகள் கிளம்புவதை என் ஆலோசனை அறையில் பலரிடம் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தூக்கமின்மை, திடுக்கிடல் எல்லாவற்றையும் ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், வல்லுறவுக்கு ஆளான பெண்களிடம் பேசி 1974-இலேயே பதிவுசெய்தார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (பழைய நினைவை மனதில் வைத்தபடி கண்களை இருபுறமும் அசைக்கவைக்கும் சிகிச்சை) இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. இவற்றில் பயிற்சி உண்டா என்று ஆலோசகரிடம் தயங்காமல் கேளுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதில்லை. “ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?” என்று குற்றம் சாட்டும் தொனியில் கேட்பவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், வேறொருவரைப் பாருங்கள்.

கணவரிடம் சொல்லலாமா? இதுவரை நீங்கள் சொன்ன அந்தரங்கத்தைக் காப்பாற்றியவர், உங்களைக் குத்திக்காட்டாதவர் என்றால் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் ஆலோசகர், அப்புறம் கணவர். “சின்ன வயதில் ஒருவர் என்னிடம் தப்பாக நடந்தார். இப்போது விவரம் கேட்காதீர்கள், கூட இருங்கள்” என்பதே போதும். கோபத்தில் அந்த ஆளைத் தேடிக் கிளம்பக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகார் கொடுப்பதா, எப்போது என்பது உங்கள் முடிவு. அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இதில் எதற்கும் காத்திருக்காதீர்கள். அந்த நேரமே யாரையாவது எழுப்பி, கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.