தண்ணி தள்ளுகிற வண்டி, தள்ளிவிடுகிற ஆள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார் வாங்கிச் சூட்டில் மாட்டிக்கொண்டவர்களுடையவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

சேலம்: 1978 மாடல் அம்பாசடர், பெட்ரோல். பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 3.4 லட்சத்துக்கு வாங்கினேன். "ரேடியேட்டரில் லேசான அடைப்பு, வேறொன்றும் இல்லை" என்றார். ரேடியேட்டருக்குப் புதுக் கோர் (தண்ணீரை ஆற வைக்கும் குழாய்க் கூடு) போட்டேன். இன்னமும் 30 கி.மீ. ஓடினால் தண்ணி தள்ளுகிறது. "பழைய வண்டின்னா கொதிக்கத்தான் செய்யும்" என்கிறார் மெக்கானிக்.

பதில்: மெக்கானிக் சொன்ன அந்த வாக்கியத்தை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இதே 1489 சி.சி. என்ஜின் மே மாத வெயிலில் டாக்ஸியாக நாள் முழுக்க ஓடியது. கொதிக்கிறது என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. வயதின் மேல் பழி போடாதீர்கள்.

எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக வெளியே போயாக வேண்டும். அது போக முடியாமல் தங்கினாலும் கொதிக்கும், போக வேண்டிய சூடே அளவுக்கு மேல் உண்டானாலும் கொதிக்கும். கோர் மாற்றியும் தள்ளுகிறது என்பதால் எனக்கு ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மேல்தான் சந்தேகம்.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் கலங்காது. ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஒரே ஒரு நிமிடம் பாருங்கள்; அதற்கு மேல் ஓட்டாதீர்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. நான்கு சிலிண்டரும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றியதும் நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) கோணல் அளக்கச் சொல்லுங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் பேஸிங், அதாவது பரப்பைச் சீவி மட்டமாக்குவது, வேண்டும். அப்படியே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் குழாயையும் திறந்து பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள். நாற்பது வருடச் சேறு உள்ளே கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். புதுக் கோர் அதைக் கரைக்காது.

இன்னொன்று: கழற்றிய பழைய கோரில் வெள்ளித்தூள் மாதிரி மினுமினுப்பு இருந்ததா? இருந்தால் ஓட்டை அடைக்கும் பவுடரைக் கொட்டி, ஒழுகாத நாளாகப் பார்த்து உங்களிடம் விற்றிருக்கிறார்கள். கோர் கடையில் அது இன்னும் கிடந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள்; வியாபாரி பொய் சொல்லியிருக்கிறார். தொழிலாகக் கார் விற்பவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு வருடம். வியாபாரியோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றும்போது படம் எடுங்கள், மெக்கானிக்கிடம் கைப்பட எழுதி வாங்குங்கள். வியாபாரி அல்லாத ஒருவர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்தான்.

சென்னை: பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வாங்கப்போகிறேன். எந்த கூலன்ட் ஊற்றுவது?

பதில்: எதுவும் வேண்டாம். அதில் ரேடியேட்டரே கிடையாது. அதைக் குளிர வைப்பது காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான். என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் பட்டைகளும் ஒன்றுவிடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வெந்த காற்றையே ஃபேன் மறுபடி உள்ளே இழுக்கும்.

மதுரை: மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்கிறார். புதிது வாங்க வேண்டுமா? 74 டிகிரி, 82 டிகிரி என்று இரண்டு அளவு சொல்கிறார்கள்.

பதில்: வாங்குங்கள். இன்றைக்கே வாங்குங்கள். இந்தக் கழற்றிப் போடும் பழக்கத்தால் வெயிலைவிட அதிக என்ஜின்கள் நாசமாகியிருக்கின்றன.

தெர்மோஸ்டாட் சூடேற்றும் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு வாசற்கதவு, அவ்வளவே. என்ஜின் தண்ணீர் தேவையான சூட்டுக்கு வரும் வரை ரேடியேட்டர் பக்கம் விடாது, வந்ததும் திறந்துவிடும். கதவே இல்லாத என்ஜின் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் 55, 60 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சொட்டாகவே சிலிண்டர் சுவரில் வழிந்து அங்குள்ள ஆயிலைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். எரிந்த வாயுவில் உள்ள ஈரம் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் தண்ணீராகப் படிந்து ஆயிலைக் கறுப்புக் களியாக்கும். என்ஜின் உச்சியில் ராக்கர் கவரின் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்துப் படிந்திருக்கும், பாருங்கள்.

சரி, ஓவர்ஹீட்டுக்காவது உதவுமா? கொதிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ரேடியேட்டருக்குத் திராணி இல்லாவிட்டால் இருபதாவது நிமிடம் கொதிக்க வேண்டியது நாற்பதாவது நிமிடம் கொதிக்கும். "தண்ணீர் வேகமாக ஓடிவிடுவதால் சூடு ஆற நேரமில்லை" என்று எதிர்க்கட்சி ஒன்று சொல்லும், அதுவும் தப்பு. தண்ணீர் எவ்வளவு அதிகம் ஓடுகிறதோ அவ்வளவு சூட்டை எடுத்துப் போகும். நிஜமான பாதிப்பு வேறு. அந்தக் கதவு தரும் தடையால்தான் பம்ப் தள்ளும் தண்ணீருக்கு ஹெட்டுக்குள் அழுத்தம் கிடைக்கிறது. தடை போனால் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடங்களில் தண்ணீர் அங்கங்கே கொதித்து ஆவித்திட்டு உண்டாகும். மீட்டர் 80 காட்டும், ஹெட் வெடிக்கும்.

சமவெளிக்கு 82 போதும். 74 போட்டால் கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். ரேடியேட்டரின் பலம் கூடாது. வாங்கியதை அப்படியே மாட்டாதீர்கள். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடி தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்துச் சூடேற்றுங்கள். பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். மாட்டும்போது ஆடும் சிறு ஊசி இருக்கும் துளை மேலே வரட்டும். இல்லையென்றால் காற்று அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்ப் பொருள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் மறுபோரிங்குக்குச் செலவு எவ்வளவு என்று அதே மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

திருநெல்வேலி: கூலன்ட் பச்சை நல்லதா, சிவப்பு நல்லதா?

பதில்: நிறம் வெறும் சாயம். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஈயப் பற்று வைத்த பித்தளை ரேடியேட்டருக்கு சிலிகேட் கலந்த பழைய வகையே பொருத்தம். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது.

கொழும்பு: மொரிஸ் மைனர் 1000, 1098 சி.சி. பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடையில் புது வாட்டர் பம்ப் வாங்கிப் பூட்டினோம். ஓடும்போது பிரச்சினை இல்லை, டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறுது. பம்ப் சரியில்லையா?

பதில்: இருக்கலாம். பம்பின் சிறகுச் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே அரை மி.மீ.யிலிருந்து முக்கால் மி.மீ. வரைதான் இடைவெளி இருக்க வேண்டும். பளபளவென்று பெட்டியில் வந்த பம்ப் ஒன்றை நானும் வாங்கினேன். இடைவெளி 3 மி.மீ. தண்ணீரைத் தள்ளாமல் கலக்கிக்கொண்டிருந்தது. அதே கடையில் வாங்கிய மலிவு டெம்பரேச்சர் மீட்டர் கொதிக்கும் தண்ணீரில் 84 காட்டியது. ஜோடிப் பொருத்தம் அருமை.

பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். பளபளக்கும் பித்தளையில் அது குறைத்துக் காட்டும். மேல்தொட்டியிலும் கீழ்த்தொட்டியிலும் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் குறி வையுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல் என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: பம்ப், அடைப்பு, அல்லது உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ் ஓஸ். வித்தியாசம் நாலைந்து டிகிரிதான், இரண்டுமே கொதிக்கிறது என்றால் காற்றுதான் குறை: தளர்ந்த ஃபேன் பெல்ட், திருப்பிப் பூட்டிய ஃபேன், கோரின் இடுக்கில் அடைந்த பூச்சியும் மண்ணும். நின்றால் மட்டும் சூடு ஏறுது என்பதால் நான் காற்றைத்தான் முதலில் பார்ப்பேன். கூடவே டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கையும் பாருங்கள். பொறி தாமதித்தால் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தில் எக்ஸாஸ்ட் வாசலில் எரியும், அந்தச் சூடு நேரே ஹெட்டில் இறங்கும்.

ஈரோடு: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றைப் படத்தில் பார்த்துப் பிடித்துப்போய் முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். வண்டி லாரியில் வந்து இறங்கியது, என்ஜின் சுற்றவே இல்லை. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: இதைப் பணம் அனுப்பும் முன் கேட்டிருக்க வேண்டும். பெயிண்ட்டைப் பார்த்தீர்கள், பெயிண்ட் வந்திருக்கிறது.

இப்போது செய்யக்கூடியது: ஸ்டார்ட்டரை அமுக்கி அமுக்கி முறுக்காதீர்கள், இழுத்தும் தள்ளாதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஆயிலும் சமமாகக் கலந்து 30 மி.லி. விட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். துளையிலிருந்து துருத்தண்ணீர் வந்தால் கேஸ்கட் வழியே தண்ணீர் இறங்கி ரிங் பிடித்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை.

கோவை: பிரீமியர் பத்மினி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது ஓவர்ஹீட் ஆகி நின்றுவிடுகிறது. மீட்டர் 85 தான் காட்டுகிறது. 18,000 ரூபாய்க்குப் பெரிய ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. இருபது நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது.

பதில்: மீட்டர் 85 என்கிறது, வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிறது, நீங்கள் ரேடியேட்டர் வாங்கியிருக்கிறீர்கள்! இது ஓவர்ஹீட்டே இல்லை. பெட்ரோல் குழாயிலும் பம்பிலும் ஆவியாகி அடைக்கிறது. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் சூட்டைத் தடுக்க இருக்கும் பேக்கலைட் கட்டை காணாமல் போயிருக்கும், பாருங்கள். எக்ஸாஸ்ட்டை உரசிப் போகும் பெட்ரோல் குழாயை விலக்கி, நடுவில் ஒரு தகடு வையுங்கள்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இந்தக் கலப்புப் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட் பழைய கணக்கிலேயே விடுவதால், காற்றோடு சேரும் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துபோகிறது. மெலிந்த கலவை மெதுவாக எரிந்து சூட்டைக் கூட்டும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, பிளக்கின் நிறம் பார்த்துச் சரிசெய்யுங்கள். ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

மலை ஏறுகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்று. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 105ஐத் தாண்டும். நூறு, இருநூறு ரூபாய் மூடியின் ரப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்காக 15 பவுண்டு மூடி போடாதீர்கள். பழைய கோரின் பற்று விட்டுப்போகும்.

திருச்சி: அம்பாசடர் ஹெட்டை 1 மி.மீ. பேஸிங் செய்தால் 20 சதவீதம் பவர் கூடும் என்று 12,000 கேட்கிறார்கள்.

பதில்: கணக்குப் போடுவோம். ஒரு சிலிண்டர் 372 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 7.2 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் (சேம்பர்) 60 சி.சி. சேம்பரின் வாய் சுமார் 35 சதுர செ.மீ. 1 மி.மீ. சீவினால் 3.5 சி.சி. குறைந்து கம்ப்ரஷன் 7.6 ஆகும். காகிதக் கணக்கில் லாபம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. 0.4 மி.மீ. இடைவெளியில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டும் (பொறியைத் தூண்டும் தொடுமுனை), டைமிங்கும், வால்வை இயக்கும் டேப்பெட்டும் சரிசெய்தால் இதைவிட அதிகம் கிடைக்கும், அதற்கு 12,000 ஆகாது.

தஞ்சாவூர்: பெல்ட் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா? டைனமோ வண்டி.

பதில்: பழைய லூகாஸ் டைனமோ ஓடும்போதே 22 ஆம்பியர்தான் தரும், நின்றால் ஏறக்குறைய ஒன்றும் தராது. நிற்கும்போதுதான் ஃபேன் பத்து ஆம்பியர் கேட்கும். ராத்திரி ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரி காலி. நிற்கும்போதும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போடாமல் வேண்டாம்.

வேலூர்: பத்மினி பார்க்கப் போனேன். நான் போவதற்குள் என்ஜினைச் சூடேற்றித் தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. சூடான என்ஜின் குறையை மறைக்கும். சொல்லாமல் இன்னொரு நாள் காலையில் போய், முதலில் பானெட்டில் கை வைத்து ஆறியிருக்கிறதா என்று பாருங்கள்.